சிலீப்பர் பெட்டியை இகழ்வோருக்கு

இரவு முழுவதும் ஓடுகிற ரயிலில் தூர தேசம் போகிறவன், கையில் காசு இருக்குமானால் ஏ.சி. வகுப்பில்தான் போக வேண்டும். சிலீப்பர் வகுப்பு இனிக் குடும்பஸ்தர்களுக்கு ஆகாது. அதில் போகிறவன் ஒன்று வேறு வழியில்லாதவன், இல்லாவிட்டால் கருமி என்று ஓர் அபிப்பிராயம் சித்தூரிலும் திருப்பதியிலும், இவ்விரண்டு ஊர்களின் ரயிலடிகளை நம்பிப் பிரயாணம் செய்யும் எங்கள் குடிபாலாவிலும் சில வருஷங்களாக வேரூன்றிவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருவர், "என்னங்க, குழந்தை குட்டியோட சிலீப்பர்லயா போறீங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், கேட்கப்பட்டவர், ஏதோ செய்யத் தகாத காரியத்தைச் செய்து அகப்பட்டுக்கொண்டவர் போல, "ஏ.சி. கிடைக்கலைங்க" என்று சமாதானம் சொல்லத் தொடங்குகிறார். உண்மையில் அவர் ஏ.சி.க்கு முயன்றிருக்கவே மாட்டார். தம் வருமானத்தையும், பிரயாணத்தின் நேரத்தையும், பருவத்தையும் யோசித்து நியாயமாகவே சிலீப்பரில் டிக்கெட் எடுத்திருப்பார். அப்படி யோசித்து எடுத்த முடிவுக்காக ஒரு மனிதர் நாலு பேர் நடுவில் பொய் சொல்ல நேர்கிறதென்றால், அந்தப் பொய்யைச் சொல்ல வைக்கும் அபிப்பிராயத்தைச் சும்மா விடலாகாது. அது தவறானது என்பதும், ஏழை எளியவர்களுக்குத் தீங்கு விளைவிப்பது என்பதும் என் துணிபு.

இரவுப் பிரயாணம் என்பது எங்கள் ஜில்லாவுக்கு இன்றியமையாத ஒன்று. 1911-இல் சித்தூர் ஜில்லா ஏற்பட்டது முதல் 1953 வரையில் தலைநகரம் சென்னையாக இருந்தது. அதிகாலையில் புறப்பட்டால் பகலிலேயே போய்ச் சேரலாம். 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்து கர்நூல் தலைநகரமாயிற்று. 1956 நவம்பரில் அது ஹைதராபாத்துக்குப் போயிற்று. அன்று முதல், பென்ஷன் விவகாரமோ, பிள்ளையின் உத்தியோக மாற்றமோ, உயர் நீதிமன்ற வழக்கோ, எதுவாயினும் சித்தூர்க்காரன் ஓர் இரவை ரயிலில் கழித்தாக வேண்டும் என்பது விதியாயிற்று. சித்தூரிலிருந்து காச்சிகூடா செல்லும் வேங்கடாத்திரி எக்ஸ்பிரஸையும், திருப்பதியிலிருந்து செக்கந்தராபாத் பக்கம் செல்லும் பத்மாவதி, நாராயணாத்திரி வண்டிகளையும் அறியாத குடும்பம் இந்தப் பிரதேசத்தில் இல்லை. இப்பொழுது ஹைதராபாத் நமக்குத் தலைநகரம் அல்லவென்று ஆகிவிட்டாலும், பிள்ளைகள் கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகத்துக்காக அங்கேயே குடியேறிவிட்டபடியால் பெற்றோரின் இரவுப் பிரயாணம் நின்றபாடில்லை. ஆகையால், எந்தப் பெட்டியில், எந்தப் பெர்த்தில் படுப்பது என்ற கேள்வி எங்களுக்கு வருஷத்தில் பல முறை எழுகிற, குடும்பத்தின் வரவு செலவையே பாதிக்கிற கேள்வியாகும்.

ஏ.சி. கட்சியார் முதலில் சொல்லும் வாதம் தூக்கத்தைப் பற்றியது. சிலீப்பரில் தூங்க முடியாது என்பார்கள். பிரயாணி விரும்புவது கால் நீட்டிப் படுக்க ஓர் இடம், வெப்பம் தணிந்த காற்று, ஓரளவு இருட்டு ஆகிய இவையே. சாயங்காலம் சித்தூரை விட்ட வண்டி பாகாலா, திருப்பதி, ரேணிகுண்டாவைக் கடந்து மாமண்டூர், பாலபள்ளிக் காடுகளுக்குள் நுழையும்பொழுது, சேஷாசல மலையடிவாரத்திலிருந்து வரும் காற்று திறந்த ஜன்னல் வழியே உள்ளே பாயும். பகலெல்லாம் காய்ந்த ரெக்ஸின் மெத்தை அரை மணி நேரத்தில் குளிர்ந்துவிடும். ஐப்பசி முதல் மாசி வரையிலான மாதங்களில், ராஜம்பேட்டை தாண்டுவதற்குள் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போர்வையைத் தேட வேண்டியிருக்கும். கண்ணாடி வேண்டாமென்றால் அதன் பக்கத்திலுள்ள உலோகத் தகட்டு ஷட்டரை மாத்திரம் இறக்கிவிடலாம். அந்தத் தகட்டின் இடுக்குகள் வழியே காற்று வரும், வெளிச்சம் வராது, ஸ்டேஷனில் நிற்கும்பொழுது வெளியிலிருந்து கையை நுழைக்கவும் ஒருவனால் முடியாது. தனக்கு வேண்டிய அளவு காற்றைத் தானே கூட்டவும் குறைக்கவும் வழியுள்ள அந்த ஏற்பாட்டைவிட உத்தமமான ஒன்றை நான் எந்த ஏ.சி. பெட்டியிலும் கண்டதில்லை.

ஏ.சி. பெட்டியில் நிலைமை நேர்மாறானது. எழுபது பேருக்கும் ஒரே குளிர். ஒருவர் குளிர் தாங்காமல் முடங்கிக் கிடப்பார். இன்னொருவர் புழுக்கமாக இருக்கிறதென்று அட்டெண்டரைக் கூப்பிடுவார். இருவருக்கும் திருப்தி தர அந்த இளைஞனால் ஆகாது. குளிருக்கென்று ஒரு கம்பளி கொடுக்கிறார்கள். விரிப்பும் தலையணை உறையும் ஒவ்வொரு முறையும் சலவைக்குப் போகின்றன. அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கம்பளிகள் மாதம் ஒரு முறையாவது சலவை செய்யப்படுகின்றன என்று ரயில்வே மந்திரியே 2024-இல் பார்லிமெண்டில் பதில் அளித்திருக்கிறார். மாதம் ஒரு முறை என்றால், இரண்டு சலவைகளுக்கு நடுவே எத்தனை பேர் உடம்பில் அந்தக் கம்பளி கிடந்து வந்திருக்கும் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம். சுத்தத்தின் பேரால் சிலீப்பரை இகழ்ந்து ஏ.சி.யைப் புகழ்வோர், வீட்டிலிருந்து துவைத்துக் கொண்டுவந்த ஒரு பருத்திப் போர்வையைத் தம்முடைய ரெக்ஸின் பெர்த்தில் விரித்துப் படுக்கும் கிழவியைவிடத் தாம் சுத்தமானவர்கள் என்று எந்த நியாயத்தால் சொல்கிறார்கள்?

வெயில் காலத்தைப் பற்றிய ஆட்சேபம் வேறு தரத்தது. அதற்குப் பதில் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசி மாதங்களில் கடப்பைக்கும் குந்தக்கல்லுக்கும் நடுவே பட்டப் பகலில் சிலீப்பர் பெட்டியில் உட்கார்ந்திருப்பது சிரமம்தான். கூரைத் தகடு காய்ந்து, மேல் பெர்த்தில் படுத்திருப்பவர் மேல் உஷ்ணம் இறங்கும். மின்விசிறி அனல் காற்றையே வீசும். காட்பாடியிலிருந்து டில்லிக்கோ கல்கத்தாவுக்கோ மே மாதத்தில் இரண்டு பகல் பிரயாணம் செய்யும் வயோதிகரும், ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பும் நோயாளியும் ஏ.சி. வகுப்பில் போவதே முறை. அவர்களை நான் தடுக்க மாட்டேன். என் வாதமெல்லாம், பிரயாணத்தின் மணி நேரத்தையும் மாதத்தையும் பிரயாணியின் தேக நிலையையும் பார்த்து வகுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே. அஸ்தமனத்துக்கு ஏறி உதயத்துக்கு இறங்குகிற காச்சிகூடா பிரயாணத்துக்கும், மார்கழி மாதத்து ராமேஸ்வர யாத்திரைக்கும், மே மாதத்து டில்லிப் பிரயாணத்துக்கு உரிய விதியையே விதிப்பது புத்திசாலித்தனம் ஆகாது. அப்படி விதிப்பவர்கள் வெப்பமானியைப் பார்த்து விதிக்கவில்லை. பக்கத்து வீட்டாரைப் பார்த்து விதிக்கிறார்கள்.

பெர்த்துகளின் விஷயத்திலும் இதே போன்ற குருட்டு நம்பிக்கை ஒன்று நிலவுகிறது. லோயர் பெர்த் கிடைத்தவன் பாக்கியசாலி என்றும், சைடு பெர்த் கிடைத்தவன் ஏமாந்தவன் என்றும் பேசிக்கொள்கிறார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் லோயர் பெர்த் அவசியம். அதை உணர்ந்துதான் ரயில்வேயும், அறுபது வயதான ஆண்களுக்கும், நாற்பத்தைந்து வயதான பெண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் என்று ஒவ்வொரு சிலீப்பர் பெட்டியிலும் ஆறேழு லோயர் பெர்த்துகளை ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆரோக்கியமான வாலிபனுக்கு அது என்ன லாபம் தரும்? இரவு பத்து மணிக்கு நடு பெர்த்தைத் தூக்கி இரண்டு பக்கத்துச் சங்கிலிகளையும் மேலே மாட்டிவிட்டால், கீழே இருப்பவரால் தலை நிமிர்ந்து உட்கார முடியாது. பத்து மணிக்கு முன்பும் காலை ஆறு மணிக்குப் பின்பும் அவருடைய படுக்கை மூன்று பேருக்குப் பொதுவான ஆசனம். மேல் பெர்த்துக்காரரோ ஏழு மணிக்கே படுக்கலாம், எட்டு மணி வரையில் எழுந்திருக்காமலும் இருக்கலாம். அவரை ஒருவரும், "கொஞ்சம் நகருங்க" என்று சொல்வதில்லை. சைடு லோயர் பெர்த்தின் குறை எனக்கும் தெரியும்: இரண்டு முதுகுப் பலகைகளை மடித்துப் படுக்கையாக்கும்பொழுது நடுவில் ஒரு பொருத்துவாய் விழுந்து இடுப்பை உறுத்தும். நாலாக மடித்த ஒரு வேஷ்டியை அந்த இடத்தில் போட்டுவிட்டால் உறுத்தல் தீர்ந்தது. அதன் பிறகு முழு ஜன்னலும் தமக்கே சொந்தம், நடைபாதையில் போகிறவர்கள் நீட்டிய காலில் இடித்துக்கொண்டு போகும் தொல்லையும் இல்லை. பெட்டியின் நடுப்பகுதியில், அதாவது முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட எண்களில் இடம் அமைந்தால், கதவு சாத்தும் ஓசையும் கழிப்பறை வாசலின் நடமாட்டமும் எட்டாது. வகுப்பை மாற்றுவதற்குச் செலவிடும் ஆயிரம் ரூபாயை விட, இந்தச் சின்ன விவரங்களில் செலுத்தும் கவனம் நல்ல தூக்கத்தைத் தரும் என்பதைப் பல வருஷ அனுபவத்தால் சொல்கிறேன்.

சிலீப்பர் பெட்டி எப்படிக் கிடைத்தது என்பதை அதை இகழ்வோர் அடியோடு மறந்துவிட்டார்கள். 1917 செப்டம்பரில் மகாத்மா காந்தி, மூன்றாம் வகுப்பு ரயில் பிரயாணத்தைப் பற்றி ராஞ்சியிலிருந்து ஒரு கட்டுரை எழுதினார். பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயில் வண்டியில் 13 ரூபாய் 9 அணா கொடுத்து அவர் வந்த பிரயாணம் அதில் வர்ணிக்கப்பட்டிருக்கிறது. இருபத்திரண்டு பேருக்கென்று எழுதப்பட்ட பெட்டி அது. உட்காரத்தான் ஆசனம் உண்டு, படுக்க ஒரு பலகையும் கிடையாது. சென்னை சேர்வதற்குள் இரண்டு இரவுகள் கழிக்க வேண்டும். ராய்ச்சூரைத் தாண்டிய பிறகு நெரிசல் சகிக்க முடியாததாயிற்று என்று அவர் எழுதுகிறார். ராய்ச்சூரைத் தாண்டிய பிறகு அந்த வண்டி வந்த வழி எது? குந்தக்கல், கடப்பை, ரேணிகுண்டா. நம்முடைய மண்ணின் மீதுதான் அந்த இரண்டாவது இரவு கழிந்தது. பெட்டியைப் பெருக்குவார் இல்லை, கழிப்பறையைச் சுத்தம் செய்வாரும் இல்லை, அதில் தண்ணீரும் இல்லை என்று வருந்திய அவர், அதற்குப் பரிகாரமாக ஒரு யோசனையும் சொன்னார்: வைசிராய் முதலான பெரிய மனிதர்களும், ராஜாக்களும், சட்டசபை அங்கத்தினர்களும் முன்னறிவிப்பில்லாமல் அவ்வப்பொழுது மூன்றாம் வகுப்பில் போய்ப் பார்த்தால் நிலைமை சீக்கிரம் மாறும் என்றார். பேச்சுக்கு மதிப்பு உள்ளவர்கள் எந்தப் பெட்டியில் இருக்கிறார்களோ அந்தப் பெட்டிதான் சீர்ப்படும் என்ற உண்மையை அவர் அன்றே கண்டுகொண்டார்.

சுதந்திரத்துக்குப் பின் மூன்றாம் வகுப்புப் பிரயாணிக்கும் படுக்கப் பலகை கிடைத்தது. 1955-இல் பெரம்பூரில் ஐ.சி.எஃப். என்னும் ரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கப்பட்டு, இரும்புப் பெட்டிகள் நம் நாட்டிலேயே உருவாயின. 1974-இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரே எடுபட்டது. ஆயினும் படுக்கை வெறும் மரப்பலகையாகவே இருந்தது. 1977-இல் ரயில்வே மந்திரியான மது தண்டவதே, இரண்டாம் வகுப்புப் பெர்த்துகளுக்கு இரண்டு அங்குல நுரைப்பஞ்சு மெத்தை போட உத்தரவிட்டார். அதே வருஷம் டிசம்பரில், வகுப்பு பேதமே இல்லாத கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் பம்பாய்க்கும் ஹௌராவுக்கும் இடையே ஓடத் தொடங்கிற்று. முதல் வகுப்பைத் தாழ்த்துவது தம் நோக்கமன்று, இரண்டாம் வகுப்பை உயர்த்துவதே நோக்கம் என்பது அவருடைய கொள்கை. இன்று நாம் சிலீப்பர் பெட்டியில் முதுகு நோகாமல் படுத்துப் போகிறோமென்றால் அந்த இரண்டு அங்குலத்தின் புண்ணியம். அறுபது வருஷப் போராட்டத்தால் சாமானியனுக்குக் கிடைத்த அந்தச் சொத்தை, 1993-இல் வந்த மூன்றடுக்கு ஏ.சி.யின் மோகத்தில் நாம் கைவிடத் துணிந்திருப்பது எவ்வளவு பெரிய மறதி!

இந்த மறதியால் நஷ்டப்படுகிறவர்கள் யார் என்பதைக் காட்பாடி ஜங்ஷனில் பார்க்கலாம். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வரும் நோயாளிகள் கிழக்கு வண்டிகளிலிருந்து அங்கேதான் இறங்குகிறார்கள். எக்ஸ்-ரே உறையை மார்போடு அணைத்துக்கொண்ட மனைவி, தோளில் கை போட்டு நடத்தி வரப்படும் கணவன், பழைய ரிப்போர்ட்டுகள் திணித்த பிளாஸ்டிக் பை, ஸ்டவ், அரிசி மூட்டை. இவர்கள் வைத்தியத்துக்கென்று நிலத்தை ஈடு வைத்துப் புறப்பட்டவர்கள். மூன்றடுக்கு ஏ.சி.யின் கட்டணம் சிலீப்பர் கட்டணத்தைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. சிலீப்பருக்கு இல்லாத ஜி.எஸ்.டி. வரியும் அதன் மேல் உண்டு. நோயாளியும் துணைக்கு ஒருவரும் போய் வர அந்த வித்தியாசம் ஒரு மாதத்து மருந்துச் செலவாகும். நாட்டின் பல வண்டிகளில் சிலீப்பர் பெட்டிகள் குறைக்கப்பட்டு, அவற்றின் ஸ்தானத்தில் ஏ.சி. பெட்டிகள் கோக்கப்பட்டிருக்கின்றன. புது மாதிரிப் பெட்டிகளில் சிலீப்பருக்கு 80 பெர்த், மூன்றடுக்கு ஏ.சி.க்கு 72. ஒரு பெட்டியை மாற்றினால் எண்பது பேருக்குக் கட்டுப்படியான படுக்கை போய், எழுபத்திரண்டு பேருக்குக் கட்டுப்படியாகாத படுக்கை வருகிறது. "ஜனங்கள் ஏ.சி.யைத்தானே விரும்புகிறார்கள்" என்று அதிகாரிகள் இதற்குக் காரணம் சொல்வதற்கு, நம் கல்யாணப் பந்திப் பேச்சுகளே சாட்சியாக நிற்கின்றன.

சிலீப்பர் பெட்டியில் டிக்கெட் இல்லாதவர்களும் பொதுப் பெட்டிக்காரர்களும் ஏறி நடைபாதையெல்லாம் அடைத்துக்கொள்கிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர் என்று கேட்பார்கள். அது நேர்வது உண்மை, இடைஞ்சலும் உண்மை. ஆனால் அதற்குக் காரணம் சிலீப்பர் வகுப்பின் இயல்பில் இல்லை. பொதுப் பெட்டிகள் போதவில்லை, டிக்கெட் பரிசோதகர்கள் போதவில்லை, வண்டிகளே போதவில்லை. அந்த மூன்று குறைகளுக்கும் பரிகாரம் கேட்டு எழுத வேண்டியவர்கள், மனு எழுதவும் எம்.பி.யைப் பார்க்கவும் தெரிந்த படித்த வகுப்பார். அவர்கள் இரண்டரை மடங்கு கட்டணம் கொடுத்து அடுத்த பெட்டிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எழுத ஆளில்லாத பெட்டி சீர்கெட்டது. சீர்கெட்டதைக் காட்டி இன்னும் சிலர் போனார்கள். கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. சிலீப்பர் பெட்டிகளில் சைடு நடு பெர்த் என்று ஒன்றை ஒரு காலத்தில் புகுத்தி, நிமிர்ந்து உட்காரவும் முடியாதபடி செய்தார்கள். பிரயாணிகள் ஓயாமல் முறையிட்டதால் அது எடுக்கப்பட்டது. 2023 டிசம்பரில் ஆரம்பமான அம்ருத் பாரத் வண்டிகள் முழுவதும் ஏ.சி. இல்லாதவை: முதலில் வந்தவற்றில் பன்னிரண்டு சிலீப்பர், எட்டுப் பொதுப் பெட்டி. முதலில் விடப்பட்ட இரண்டில் ஒன்று மால்டாவிலிருந்து பெங்களூருக்கு நம் ரேணிகுண்டா, காட்பாடி வழியாகவே போகிறது. அந்த மாதிரி வண்டி ஒன்று திருப்பதியிலிருந்து ஹைதராபாத்துக்குத் தினசரி வேண்டும் என்று சித்தூர் ஜில்லாவிலிருந்து ஆயிரம் கையெழுத்துகளாவது போக வேண்டாமா?

கடைசியாக, பெண்களின் பாதுகாப்பு. இதைச் சொல்லித்தான் பல தகப்பனார்கள் ஏ.சி. டிக்கெட்டுக்குக் கடன் வாங்குகிறார்கள். அவர்களுடைய கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் கண்ணாடிக் கதவு காவல் ஆகாது. ஏ.சி. பெட்டியிலும் பெட்டி படுக்கை திருட்டுப் போகிறது. அங்கே இரண்டடுக்கில் திரை போட்டுக்கொண்டு உறங்குகிறவர்களுக்கு அடுத்த பெர்த்தில் நடப்பது தெரிவதில்லை. தூர வண்டிகளின் சிலீப்பர் வகுப்பில் பெண்களுக்கென்றே ஆறு பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது. வயது வரம்பு இல்லை, தனியாகவும் பெண்கள் சேர்ந்தும் போகலாம். டிக்கெட் எடுக்கும்பொழுது அந்த ஒதுக்கீட்டைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. 139 என்ற எண்ணுக்கு வண்டி எண்ணையும் பெட்டியையும் சொன்னால் ரயில்வே போலீஸ் வரும். தனியே வரும் பெண்களைப் புறப்படும் ஸ்டேஷனிலேயே சந்தித்துப் பேசும் பெண் காவலர் ஏற்பாடும் 2020 முதல் பல வண்டிகளில் உண்டு. ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நான் சொல்வது: உள் வரிசையில் மேல் பெர்த் கேளுங்கள், அதில் வந்து உட்கார ஒருவருக்கும் உரிமை இல்லை, பையைக் கீழ் பெர்த்தின் அடியிலுள்ள வளையத்தில் சங்கிலியால் பூட்டுங்கள், எதிர்ப் பெர்த்தில் குடும்பத்தோடு வரும் அம்மாளிடம் ஏறியவுடனே நாலு வார்த்தை பேசிவிடுங்கள். அந்தப் பெர்த்துக்கு டிக்கெட் எடுக்கத் தகப்பனார் கடன் வாங்க வேண்டியதில்லை. மாதம் ஒரு முறை வருகிற பெண் இரண்டு முறை ஊருக்கு வந்து போகலாம்.